பூஜையிலிருந்து எடுத்த மிஷின்

ராஜபாளையம் மில் சுவர்களைத் தாண்டி வந்துவிட்டேன். தலையில் சும்மாடு, அதன்மேல் அம்மாவின் கைத்தையல் மிஷின். நெற்றியைச் சுற்றிக் கட்டிய பேண்டேஜ் துணி நனைந்து, இடது கண்ணுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கை காட்டியதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று நின்றது. முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். கண்டக்டர் படியில் நின்று பார்த்தார்.

"ஏலே, நல்ல நாளும் அதுவுமா யாரை வெட்டிட்டு வார?"

"நான் வெட்டலண்ணே. என்னையத்தான் அடிச்சிருக்கு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போ. பூசை போட்ட வண்டியில ரத்தத்தோட ஏறப்படாது."

விசில் ஊதினார். நான் நடந்தேன். இடப்பக்கம் மலை கூடவே வந்தது.

எனக்கு அப்போது மீசை அரும்பி முடிந்திருந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நின்றவன், லாரி கிளீனர், செங்கல் சூளை, சோழபுரம் பக்கம் தோப்புக் காவல் என்று எதிலும் நிலைக்காமல் சுற்றிவிட்டு அவ்வப்போது வீட்டுக்கு வருவேன். ஆயுத பூஜைக்கு வந்தது பொரிக்காகத்தான்.

எங்கள் பக்கத்துத் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்வார்கள். கழித்துப்போட்ட துணியை அம்மா எடைக்கு வாங்கி வந்து சாயத்தில் முக்குவாள். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், ஒரு பாய் வைத்திருந்த பழைய இரும்புக் கடையில் சாமான் குவியலைக் கோழி கிளறுவதுபோலக் கிளறுவாள். உடைந்த சுவர்க் கடிகாரத்தின் பித்தளைச் சக்கரம், சரவிளக்கிலிருந்து விழுந்த கண்ணாடித் துண்டு, யாரோ போலீஸ்காரரின் பழைய பித்தான், கிழிந்த பட்டுச்சேலையின் சரிகை, எல்லாம் அவள் மடிக்கு வரும். சாயத் துணியை நான்கு மடிப்பாக வைத்துத் தைத்துப் பை செய்வாள். பைக்குப் பித்தான் கடிகாரச் சக்கரம். தேர்த் திருவிழாவில் அவள் விரித்த சாக்கைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்து, "எம்புட்டு அழகா வச்சிருக்கா பாரு" என்று ஒன்றை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி பிடுங்குவார்கள். மிஷினும் பாய் கடைக் குவியலில் கிடைத்ததுதான். சக்கரம் சுற்றாமல் இறுகிக் கிடந்ததை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கழற்றி, மாட்டி ஓடவைத்தாள்.

அம்மா கனிவானவள் என்று எழுதினால் பொய். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தபோது கோடு கோணினால் மர அளவுகோலின் விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பாள். பிறகு வீங்கிய விரலைப் பிடித்தே துணியை நேராகத் தள்ளிக் காட்டுவாள். இன்றைக்கும் நான் தைத்தால் கோடு கோணாது. வலது கையில் இரண்டு விரல்கள்தான் சரியாக மடங்குவதில்லை.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வீட்டில் இருந்தவற்றை விற்றுக் குடித்தார். குத்துவிளக்கு போனது, குடங்கள் போயின, சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் போனது. மிஷினை அம்மா தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவாள். அவர் அதைக் கேட்ட ஒரு தடவை அம்மாவின் முன்பல் போனது. மிஷின் போகவில்லை.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியும். ஆயுத பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கும்பிட்டு எடுக்கும்வரை அம்மா தொடமாட்டாள். ஊசியைக்கூட. வருஷத்தில் அவள் கை சும்மா இருக்கும் ஒரே நாள் அது. அதனால்தான் அன்று மதியம் பார்த்து ஒரு தள்ளுவண்டிக்காரரைக் கூட்டி வந்தார்.

மிஷின் வாழையிலைமேல் இருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல், அளவுகோல், நூல்கண்டுகள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"சாமி கும்பிட்டாச்சுல்ல? எடுத்து ஏத்துப்பா" என்றார் அப்பா.

வண்டிக்காரர் வாசலைத் தாண்டவில்லை. "யண்ணே, பூசையிலல்லா இருக்கு. நாளைக்கு வாரேன். இன்னைக்கு நான் தொடமாட்டேன்."

அம்மா தொடமாட்டாள் என்று கணக்குப் போட்டவர், வண்டிக்காரரும் அதே ஊர்க்காரர் என்பதை மறந்துவிட்டார்.

"நீ தொடாட்டா போ. நான் தூக்கிட்டு வாரேன்."

"தொட்டா கை வெளங்காது" என்றாள் அம்மா. சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒன் கைய நீ பாத்துக்கட்டி. இன்னைக்கு அது அசையாதுல்ல?"

அவர் மிஷினின் மர மூடியைத் தூக்கினார். நான் மறுபக்கம் பிடித்தேன். விடச் சொன்னார். விடவில்லை. மூடியைப் பிடுங்கி அதன் மூலையால் என் நெற்றியில் ஓங்கி அடித்தார். மூடி பிளந்தது. நெற்றியும் பிளந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் மிஷினின் பலகையில் கை வைத்தார்.

அம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். இலையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பலகைமேல் இருந்த அவர் புறங்கையில் இறக்கினாள். பிடுங்கினாள். மறுபடி ஓங்கினாள். அவர் அலறிக்கொண்டு அவள் வயிற்றில் மிதித்தார். அவள் விழுந்த இடத்திலிருந்தே அவர் கெண்டைக்காலைக் கடித்தாள். தெருவில் தள்ளுவண்டி ஓடும் சத்தம் கேட்டது.

"குழவிய எடுத்துட்டு வந்து தூள் தூளா ஆக்கலன்னா நான் ஆம்பள இல்லட்டி" என்று அப்பா கொல்லைப்புறம் போனார். அங்கேதான் அம்மிக்குழவி கிடந்தது. அம்மா எழுந்துபோய்ப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். குத்துப்பட்ட கையோடு குழவியைத் தூக்க முடியாமல் அவர் அம்மாவின் ஏழு தலைமுறையையும் வைதார். பிறகு ஒற்றைக் கையால் எப்படியோ கதவில் இடிக்கத் தொடங்கினார்.

சாயம் போடாத வெள்ளைத் துணியைக் கிழித்து என் தலையில் கட்டினாள். மீதியைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கினாள். கத்தரிக்கோலில் சந்தனமும் குங்குமமும் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. அதைச் சேலையில் துடைத்து என் இடுப்பில் செருகினாள்.

"பாய் கடைக்குக் கொண்டு போ. இங்க இருந்தா இன்னைக்கே ஒடச்சிருவாரு. வெள்ளிக்கெழம கோயிலுக்குன்னு சொல்லிட்டு நான் அங்க வந்து தைப்பேன்."

"ஒன்னைய கொன்னுருவாரும்மா."

"என்னையக் கொன்னா அவருக்கு யாரு கஞ்சி ஊத்துவா? மிஷினைத்தான் கொல்லுவாரு. நட."

நடந்தேன். வில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிகிற இடத்தில் ஒரு லாரி ஒர்க் ஷாப் இருந்தது. வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய்களை உடைத்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணால் பார்த்து நடந்தவன் அந்தக் கூழில் கால் வைத்து வழுக்கி, மிஷினோடு விழுந்தேன்.

உள்ளேயிருந்த மெக்கானிக்குகள் ஓடி வந்தார்கள். ஒருவன் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "குங்குமமா, ரத்தமாலே?" என்றான்.

"ரெண்டுந்தான்."

"திருஷ்டி எங்களுக்குக் கழியணும்னு ஒடச்சோம். இவன் வந்து வாங்கிட்டுப் போறான் பாரு!"

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மிஷினைத் தூக்கி என் தலையில் வைத்தும் விட்டார்கள். சக்கரத்தைச் சுற்றும் கைப்பிடி முறிந்து போயிருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது. கைப்பிடி இல்லாமல் அம்மா எதைப் பிடித்துத் தைப்பாள்?

பாய் கடையில் ஆட்கள் சம்மட்டிகளைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். பொரியும் பழமும் வாங்கிக் கொடுத்தது பாய்தான். அவர் மிஷினைப் பார்த்தார், பிறகு என் தலையைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒங்கப்பன் மொதல்ல தேடி வாரது இங்கதானே? மிஷின் எங்க வாங்குனதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய்."

"நான் மத்தியானம் சாப்பிடப் போவேன், வெள்ளிக்கெழம தொழுவப் போவேன். இரும்புக் கடையில ஒருத்தன் வந்து என் சாமான்னு தூக்கிட்டுப் போனா இந்தப் பயலுவ கையும் புடிச்சு ஏத்தி விடுவானுவ."

"நான் இங்கயே இருக்கேன்."

"இருந்து?"

"என்ன வேலையும் பாப்பேன்."

"நீ எங்கயும் ஒரு மாசம் இருந்ததில்லன்னு ஒங்கம்மா சொல்லுமே."

அவர் என் கையை எடுத்து மடங்காத விரல்களை அமுக்கிப் பார்த்தார். யார் வேலை என்று கேட்கவில்லை. "சம்மட்டி புடிப்பியா? காலையில பாப்பம். இப்பப் பொரியத் தின்னுட்டுப் படு" என்றார். மிஷினைச் சாக்குகளுக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே தலை வைத்துப் படுத்தேன்.

மறுநாள் விஜயதசமி. சிலேட்டும் புதுச்சட்டையுமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இழுத்துப் போனார்கள். கடை ஆட்கள் கற்பூரம் காட்டி ஆளுக்கொரு சம்மட்டியை எடுத்தார்கள். பாய் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். ஏதோ தையல் பள்ளியிலிருந்து கழித்துப்போட்ட மிஷின்கள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. அம்மாவின் மிஷினைப் போலவே கழுத்து, அதே வளைவு.

"இதெல்லாம் ஒடைக்கணும். வார்ப்பு தனியா, பித்தள தனியா. இதுதான் ஒனக்கு வேலை" என்றார். நான் நிற்பதைப் பார்த்து, "மொதல்ல ஒனக்கு வேண்டிய கைப்பிடியக் கழத்திக்க. பொறவு அடி" என்றார்.

குவியலைக் கிளறி, மரம் வெடிக்காத கைப்பிடி ஒன்றைத் தேடி எடுத்தேன். அம்மாவின் கத்தரிக்கோல் நுனியால் திருகாணியைக் கழற்றி, அவள் மிஷினில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். ஓடியது.

அதன் பிறகு, கைப்பிடியைக் கழற்றிய அந்தக் குவியல் மிஷினைக் கல்லின்மேல் வைத்தேன். சம்மட்டியில் சந்தனம் காய்ந்திருந்தது. வார்ப்பிரும்பு வளையாது, ஒரே அடியில் உடையும். முதல் அடியில் கழுத்து முறிந்தது. கல்லைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, வாசல் தெரியும்படி திரும்பி நின்று, அடுத்ததை எடுத்தேன்.