பேச்சியம்மாக்கா லாரியும் நீள எஞ்சினும்

லாரி மலை ஏறினா டிரைவர் கெட்டிக்காரன், நின்னா மெக்கானிக் மடையன். ஸ்பேனர் பிடிச்ச சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

பள்ளத்துப் பக்கம் நாலு

வத்தலக்குண்டுல என் பட்டறை. ஐம்பதுகள்ல மலையேறுன லாரிகள்ல பல, உலகச் சண்டை முடிஞ்சு ராணுவத்துக்காரங்க ஏலம் விட்டது. பெட்ரோல்ல ஓடுற வி எஞ்சின். இந்தப் பக்கம் நாலு சிலிண்டர், அந்தப் பக்கம் நாலுன்னு இங்கிலீஷ் V எழுத்தாட்டம் விரிஞ்சு கெடக்கும். மேல்மலையில பூண்டு போட்டு, ஊர்க்காரங்க மூட்டையையும் சேர்த்து ஏத்திட்டு வர்ற பேச்சியம்மாக்கா லாரியும் அதுதான். ஒருநாள் பெருமாள்மலை வளைவுல நின்னு போச்சு. மலைப் பக்கத்து நாலும் சுத்தமா இருக்கு. கோளாறு பள்ளத்துப் பக்கம். அங்க நிக்க ஒரு சாண் இடமில்ல. என் இடுப்புல கயித்தைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில சுத்திக்கிட்டு அக்கா சொன்னாங்க:

"வெரசாப் பாரு தம்பி. நீ விழுந்தா இழுத்துருவேன், ஸ்பேனர் விழுந்தா யாரு எடுக்கிறது?"

மூக்கு நீண்ட கதை

வி-யைக் கழட்டிட்டு, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்கிற டீசல் எஞ்சினை மாட்டுவோம்னு அன்னைக்கே சொல்லிட்டேன். அது ஒல்லி, மலைப் பக்கம் நின்னே எல்லாத்துக்கும் கை எட்டும். ஆனா வி குட்டை, இது நெட்டை. பானெட் மூட மாட்டேங்குது! ரேடியேட்டரை முன்னால தள்ளி, லாரி மூக்கை ஒரு முழம் நீட்டினேன். பாத்தவன்லாம் சிரிச்சான். எனக்கு வந்துச்சே கோவம்! "இது கொடைக்கானலுக்கு நிக்காமப் போகலைன்னா பட்டறையையே மூடிடுறேன்"னு கத்திட்டேன். அக்கா அசரலை.

"பட்டறை கெடக்கட்டும். முதல்ல பானெட்டை மூடு."

நம்ம லாரிதான்

மறுநாள் மலைக்குப் போன லாரி பாதி காலியாத் திரும்பி வந்துச்சு. பட்டறை போச்சேன்னு நான் பூட்டைத் தேடினேன். அக்கா இறங்கி வந்து, "எஞ்சின் நிக்காம ஏறிருச்சு தம்பி, ஊருதான் இறங்கலை"ன்னாங்க. மேல்மலையில எஞ்சின் சத்தத்தை வச்சுத்தான் மூட்டையை ரோட்டுக்கு இறக்குவாங்க. டீசலோட கடகடப்பைக் கேட்டு, யாரோ வேத்தாள் லாரின்னு தோட்டத்துலயே இருந்துட்டாங்க. அடுத்த நடைக்கு நானும் ஏறிக்கிட்டேன். அக்கா ஜன்னல்ல தலையை நீட்டி, "ஏலே, நம்ம லாரிதான்!"னு வழி நெடுகக் கத்துனாங்க.

அடுத்த வெள்ளாமைக்கு மேல்மலையில ஒரு விவசாயி வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். கீழ ஒரு பழைய வி முனகிக்கிட்டு ஏறுது. முன்னெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் மூட்டையைத் தூக்கிட்டு ஓடுவாரு; இப்ப மனுசன் இலையை விட்டு எந்திரிக்கவே இல்ல. நெஞ்சு பூரிச்சுப் போச்சு எனக்கு. சம்சாரத்துக்கிட்ட அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்:

"அதுவா? வளைவுக்கு வளைவு தண்ணி குடிச்சுட்டுத்தான் வரும். இன்னொரு கரண்டி போடு."

வி நல்லதா, வரிசை நல்லதான்னு இப்பவும் கேக்கிறாங்க. இடுப்புல கயிறு கட்டாம ரிப்பேர் பாக்க முடிஞ்சா, அதுதான்யா நல்ல எஞ்சின்.