நாற்பத்து மூன்று மழைக்கோட்டும் ஒரு பிளெக்ஸும்

அன்புக்கரசி ஒரே நாற்காலியில் தொடர்ந்து பத்து நிமிடம் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் கோயமுத்தூரில் யாரும் இல்லை. முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக ரவுண்ட்ஸ் போன கால்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும் கால்களுக்கு மட்டும் அந்த உத்தரவு வந்து சேரவில்லை. ஒண்டிப்புதூரில் அவர் வீட்டு மொசைக் தரையில், சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு தடம் விழுந்திருக்கிறது. வீடு கழுவிவிட்டால் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஜூன் மாதம் அந்தத் தடம் இன்னும் ஒரு விரற்கடை ஆழமானது. காரணம், வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை ஷைமா அனுப்பிய செய்தி: "சிஸ்டர், இந்த வருசம் நாப்பத்து மூணு புள்ளைங்க. மழை முந்தாநாளே புடிச்சிருச்சு."

அன்புக்கரசி பிறந்தது அந்த எஸ்டேட் லைன் வீட்டில்தான். அப்பா பிரான்சிஸுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறித்தார். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல். கோணிச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போக வேண்டும். சாக்கு மழையைத் தடுக்காது, குடித்து வைத்துக்கொள்ளும். வகுப்பில் உட்கார்ந்த பிறகு அந்த மழை நிதானமாக முதுகில் இறங்கும். நனைந்த புத்தகத்தை அடுப்புக்கு மேலே காயப் போட்டதில் ஒரு வருடம் அறிவியல் புத்தகம் எரிந்தே போயிற்று. "அது எரியாம இருந்திருந்தா நான் டாக்டருங்க. எரிஞ்சதுனாலதான் நர்ஸு" என்று இன்றைக்கும் சொல்வார்.

அதனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் இரண்டாவது ஞாயிறு அவர் வீட்டில் நண்பர்களுக்கு மதிய விருந்து. அரிசிம்பருப்புச் சோறு, கோழிக் குழம்பு, உளுந்து வடை. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சின்னப்பிள்ளை மழைக்கோட்டு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் விதி. நண்பர்கள் என்றால் யார்? பாதிப் பேர் அவர் கையால் ஊசி வாங்கியவர்கள். பீளமேட்டில் மில் வைத்திருந்த குடும்பத்துப் பங்காரம்மா, பித்தப்பைக் கல்லுக்கு வந்து படுத்தவர். பல்லடத்தில் கோழிப் பண்ணை நடத்தும் ராசம்மாள், மாமியாருக்குத் துணையாக வந்து இருந்தவர். மாமியார் போய்ச் சேர்ந்தார், சிநேகிதம் மட்டும் நின்றுவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் கேமரா வெளியே வரும். ஓய்வு பெற்றபோது வாங்கியது. அவருடைய அம்மாவுக்கு இருந்த ஒரே படம், எஸ்டேட் அடையாள அட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்த படம். அதிலும் கண் மூடியிருந்தது. எனக்குத் தெரிந்த யாருக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று அன்புக்கரசி முடிவு செய்தார். வேப்ப மரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஒவ்வொருவரையும் உட்கார வைத்து எடுப்பார். கல்யாண ஆல்பத்தில் கடுவன் பூனை போல நிற்கிறவர்கள்கூட அந்த ஸ்டூலில் மனிதர்களாகத் தெரிவார்கள். நாற்பது வருடம் சிரிக்காத ஒரு தாசில்தார் அதில் சிரித்தார். சிரிப்பு நிற்க அரை மணி நேரம் ஆனது என்று சொல்கிறார்கள்.

இந்த வருடம் மே கடைசியிலேயே எல்லோருக்கும் போன் போட்டு அழைத்தார். வழக்கமாக "என்ன கறிங்க?" என்று கேட்கிறவர்கள் இந்த முறை வேறு மாதிரிப் பேசினார்கள்.

"அன்னிக்கு ஒறம்பரைச் சனம் வர்றாங்களாட்டம் இருக்குதுங் சிஸ்டரு. பாக்கலாமுங்க" என்றார் ராசம்மாள்.

"முட்டி வலி அம்மணி. பாக்கறேன்" என்றார் பங்காரம்மா.

எங்கள் பக்கத்தில் 'வரமாட்டேன்' என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. 'பாக்கலாமுங்க' என்றால் அவ்வளவுதான். அன்புக்கரசி ஒரு பேப்பரில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு போனுக்குப் பிறகும் ஒரு கோடு போட்டார். முப்பத்தெட்டுப் பெயர். முப்பத்தொரு 'பாக்கலாமுங்க'.

எதற்கு என்று தெரியவில்லை. போன வருடம் குழம்பில் உப்பா? யாரையாவது வாசலில் நிற்க வைத்தேனா? அடுப்பை ஏற்றினார், அணைத்தார். மாடிக்குப் போனார், எதற்கு வந்தோம் என்று மறந்து இறங்கினார். கை சும்மா இருக்கவில்லை என்று கேமராவை எடுத்துக் கேஸ் சிலிண்டரைப் பன்னிரண்டு படம் எடுத்தார். ஷைமா டீச்சரின் செய்தியை ஒரு நாளைக்கு ஒன்பது தரம் படித்தார். ஒவ்வொரு தரமும் நாற்பத்து மூன்று அப்படியேதான் இருந்தது.

உண்மையைச் சொன்னவர் நிஜாம். திருச்சி ரோட்டில் பிளெக்ஸும் போட்டோ பிரிண்டும் போடுகிற கடைக்காரர். அன்புக்கரசியின் படங்களையெல்லாம் அவர்தான் அச்சடித்துக் கொடுப்பார், கம்ப்யூட்டரிலும் சேர்த்து வைத்திருப்பார்.

"உங்ககிட்ட யாரும் சொல்லலீங்களாக்கா?" என்றார் அவர். "போன விருந்துல நீங்க எடுத்தீங்கல்ல, அதுல மூணு பேரு இந்த வருசத்துல தவறிட்டாங்க. மூணு பேருக்கும் கண்ணீர் அஞ்சலி நம்ம கடையிலதான். ஊட்டுக்காரங்க வெடியால நேரத்துல வந்து 'நல்ல படம் ஒண்ணு வேணுமுங்க'ன்னு நிப்பாங்க. எங்கிட்ட உங்க படம் இருக்குது. அதைவிட நல்ல படம் எங்கீங்கக்கா கெடைக்கும்? போட்டுட்டேன்."

"சரி, அதுக்கென்ன?"

"மூணு பிளெக்ஸுலயும் அதே வேப்ப மரம், அதே ஸ்டூலு. சனம் பாக்காதுங்களா? சிஸ்டரு கேமராவுல உக்காந்தா அடுத்த ஜூன் தாண்டாதுன்னு பேச்சு. பல்லடம் வரைக்கும் போயிருச்சு."

இறந்த மூவருக்கும் வயது எண்பதுக்கு மேல். அதில் நஞ்சப்பன் என்பவருக்கு எண்பத்தொன்பது. இரண்டு தரம் ஹார்ட் அட்டாக் வந்தும் காலையில் போண்டாவை விடாதவர். இதையெல்லாம் யாரிடம் போய் வாதாடுவது? அன்புக்கரசி கடைக்குள்ளேயே நாலு ரவுண்டு நடந்தார். ஐந்தாவது ரவுண்டில் நின்றார்.

"அப்ப மொதல்ல என் படத்தைப் போடுங்க நிஜாம். நானே அந்த ஸ்டூல்ல உக்காந்து எடுத்துக்கறேன். பெருசாப் போட்டு முக்குல கட்டுங்க. நான் நல்லா இருக்கறத சனம் பாக்கட்டும்."

ஸ்டாண்டில் கேமராவை வைத்து, டைமரைப் போட்டு, ஓடிவந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்து மூன்று படம். இருபத்திரண்டில் ஒரு சேலை மட்டும் பறந்துகொண்டிருந்தது, உள்ளே ஆள் இல்லை. கடைசிப் படத்தில்தான் தெளிவாக விழுந்தார். குக்கர் விசில் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்ததால், இந்த உலகத்தையே கடந்துபோன மாதிரி ஒரு அமைதியான பார்வை. அதை நிஜாமுக்கு அனுப்பி, கீழே இப்படிப் போடச் சொன்னார்: 'ஞாயிறு மதியம் என் வீட்டில் விருந்து. வரும்போது ஒரு மழைக்கோட்டு. என்னை நானே படம் எடுத்துக்கொண்டேன், சௌக்கியமாக இருக்கிறேன்.'

அந்தச் சமயம் பார்த்து நிஜாம் வெள்ளகோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடையில் டிசைன் போடுகிறவர் ரித்திகா. வேலையில் படு கவனம். வயதானவர், தனிப் படம், அமைதியான பார்வை, ஆள் உயர சைஸ், 'ஞாயிறு', 'வீட்டில்'. இப்படி வந்தால் எந்த அச்சில் போடுவது என்று அவருக்கு மனப்பாடம். பெயரோடு இருந்த அப்பா பெயர் பிரான்சிஸைப் பார்த்துக் கிறிஸ்தவர் என்று தெரிந்துகொண்டு, குத்துவிளக்கை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுவத்தி வைத்தார். மேலே வெள்ளை ரோஜா. எழுதச் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார், ஆனால் கீழே பொடி எழுத்தில். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் முக்கில் கட்டியாயிற்று.

திருச்சி ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் பொடி எழுத்தைப் படிக்கிறார்களா என்ன? முகம், பெயர், மெழுகுவத்தி. போன்கள் பறந்தன.

ஞாயிறு காலை பத்து மணி. அன்புக்கரசி நாற்பது பேருக்கு உளுந்து ஊறப்போட்டு ஆட்டி வைத்துவிட்டு, வருவது ஏழு பேரா எட்டுப் பேரா என்று தெரியாமல் சட்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வாசலில் கார் நின்றது. ராசம்மாள் இறங்கினார். கையில் ரோஜா மாலை, கேட்டைத் தொட்டதுமே குரல் எடுத்துவிட்டார்.

"என்ற சிஸ்டரே, கூப்புட்டீங்களே, வராம இருந்துபோட்டனே..."

அன்புக்கரசி ஜல்லிக் கரண்டியோடு வெளியே வந்தார். "வாங்க ராசம்மா. மாலையெல்லாம் எதுக்குங்க?"

ராசம்மாள் நடுவாக்கியத்தில் நின்றார். கண்ணில் இருந்த நீர் கன்னத்துக்கு இறங்குவதா, திரும்பிப் போவதா என்று அதுவும் நின்றது.

"நீங்க சாகலீங்களா?"

"இல்லீங்க. வடை சுட்டுட்டிருக்கறனுங்க."

"அப்ப முக்குல மெழுகுவத்தி?"

"என்ன மெழுகுவத்தி?"

விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த கார். அதற்குப் பின்னால் இரண்டு ஆட்டோ. எங்கள் ஊரில் விருந்துக்கு ஆயிரம் யோசனை பண்ணுவார்கள்; சாவுக்கு ஒருவரும் யோசிப்பதில்லை. முட்டி வலிக்காரப் பங்காரம்மா எல்லோரையும் முந்திக்கொண்டு படியேறினார். பதினொரு மணிக்கு முப்பத்தைந்து பேர், முப்பத்தைந்து மாலை. ஒரு மழைக்கோட்டு இல்லை. மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிஜாம் வெள்ளகோவிலிலிருந்து போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எழவுக்குன்னு பொறப்பட்டு வந்துபோட்டமுங்க. தலைக்கு ஊத்தாம எப்புடிச் சாப்புடறது?" என்றார் ராசம்மாள்.

"ஆளு கரண்டியோட நிக்கறா. இதுல தீட்டு எங்க இருந்து வருது?" என்று பங்காரம்மா தீர்ப்புச் சொன்னார்.

அன்புக்கரசி அன்றைக்கு முதல் முறையாக ஓரிடத்தில் நின்றார். "என்ற கேமராவுக்குப் பயந்துதானுங்களே எல்லாரும் 'பாக்கலாமுங்க'ன்னீங்க?" என்றார். "என் சாவுக்கு வர்றீங்க. அந்த நாப்பத்து மூணு புள்ளைங்க நாளைக்கு நனையறதுக்கு வரமாட்டீங்களா?"

வடை கருகுகிற வாசனை வந்தது. அவர் உள்ளே ஓடவில்லை, அதிலிருந்தே அவர் நிலைமை தெரிந்தது.

அப்போது கேட்டருகே ஒரு துணிப்பையோடு பழனியாத்தாள் வந்து நின்றார். நஞ்சப்பனின் மனைவி. பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் சின்ன மழைக்கோட்டை எடுத்து அன்புக்கரசியிடம் நீட்டினார்.

"உங்களுக்கு மட்டும் எப்புடித் தெரிஞ்சுதுங்க?" என்று ராசம்மாள் கேட்டார்.

"கீழ எழுதியிருந்துச்சே. அவிய பிளெக்ஸு முக்குல இருந்த பதினாறு நாளும் நின்னு படிச்சுப் படிச்சு, இப்ப எதைக் கண்டாலும் கடைசி வரிக்கும் படிச்சுப் போடறது" என்றார் பழனியாத்தாள். பிறகு அன்புக்கரசியைப் பார்த்து, "அந்தப் படம் இல்லீன்னா, அறுவது வருசம் கூட இருந்த மொகத்த நான் ஓட்டு அட்டையிலதானுங்க பாத்துட்டிருக்கோணும். அவிய சிரிச்சாப்புல இருக்காங்க, ஊட்டுல."

பிறகு பங்காரம்மா மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டு நேராக வேப்ப மரத்தடிக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எடு அம்மணி. என்னைக்கோ ஒரு நாளு வேணும். என்ற மருமக அவ போன்ல எடுத்த படத்தப் போட்டான்னா நான் எந்திரிச்சு வந்துருவேன்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிட்டார்கள். கருகிய வடையையும் விடவில்லை. சாப்பிட்ட கையோடு மூன்று கார்கள் டவுன்ஹால் கடைவீதிப் பக்கம் போயின. ராசம்மாளின் கார் ஞாயிற்றுக்கிழமை சாத்தியிருந்த ஒரு கடையைத் திறக்கவைத்துத் திரும்பியது. மாலை ஐந்து மணிக்கு அன்புக்கரசி எண்ணினார், நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினார். ஆறு மணிக்கு வெள்ளகோவிலிலிருந்து நேராக வந்த நிஜாம், தன் தவறுக்கு என்று இரண்டு கொடுத்தார். நாற்பத்து மூன்று. அதற்குப் பிறகும் மூன்று தரம் எண்ணினார்.

திங்கட்கிழமை காலை, பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் பிடித்தார். மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது. அந்த பஸ்ஸில் வெளியே எவ்வளவு மழையோ அதில் பாதி உள்ளேயும் பெய்தது. கடைசி சீட்டில் இருந்த மூட்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நிஜாம் முக்கிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த பிளெக்ஸை அதன்மேல் போர்த்திக் கட்டியிருந்தார்கள்.

டிக்கெட் போட வந்த கண்டக்டர் மூட்டையின் மேல் இருந்த முகத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுவத்தியைப் பார்த்தார். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவைப் பார்த்தார்.

"ஏனுங்... இது உங்க அக்காங்களா?"

"நாந்தானுங்க. வால்பாறை ஒண்ணு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவர்தான், நாற்பது கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை பின்பக்கம் வரவே இல்லை. ஒன்பதாவது வளைவில் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "உக்காருங்கம்மா" என்று குரல் கொடுத்தார்.

"இருக்கட்டுங்க" என்றார் அன்புக்கரசி. கயிற்றைத் தளர்த்தி, பிளெக்ஸின் ஓரத்தைத் தூக்கி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.