பெட்டியோடு நிற்கும் நாய்

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி, ஓரிடத்தில் இருப்பும் கொள்ளாது. அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்களின் சாமான்களை டிரக்கில் ஏற்றி மாநிலம் மாநிலமாக ஓட்டினேன். மனைவி இறந்த பிறகு என் மகள் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள். நான் போன் செய்தால், “ஓகே அப்பா, பை” என்று வைத்துவிடுவாள்.

ஒருமுறை லோடு இறக்கப் போன ரவுண்ட் ராக் என்ற ஊரில், பழைய சாமான் கடையில் ஒரு கட்டு அஞ்சலட்டைகளைப் பார்த்தேன். யாரோ ஓர் ஓவியர் ஒரே நாயை விதவிதமான அவஸ்தைகளில் வரைந்திருந்தார். ஒன்றில், ஓடும் காரின் கூரை மேல் காதுகள் பறக்க உட்கார்ந்திருந்தது. மகளுக்குத் தமிழ் படிக்க வராது. எனக்கு ஆங்கிலம் எழுத வராது. கட்டோடு வாங்கி, முகவரி மட்டும் போட்டு அந்த அட்டையை அனுப்பினேன்.

முதல்முறையாக அவளே கூப்பிட்டாள். “அப்பா, டிட் ஹி ஃபால்?”

“விழல கண்ணு. கெட்டியா புடிச்சுக்கிட்டான்.”

“தென் வாட்?”

அந்தக் கேள்விக்காகவே போகும் ஊரிலிருந்தெல்லாம் ஓர் அட்டை அனுப்பினேன். கடைசி அட்டையில் நாய் மூடிய கதவருகே பெட்டியோடு நின்றது. அதைத் தபாலில் போட மனம் வரவில்லை. நானே கொண்டுபோனேன்.

கதவைத் திறந்த மகள் அட்டையை வெகுநேரம் பார்த்தாள். “இஸ் ஹி கோயிங் அவே, ஆர் கமிங் ஹோம்?”

“வந்திருக்கான். உள்ள விடுவாங்களான்னுதான் தெரியல.”

அவள் என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அதே ஊரில் டெலிவரி வேன் ஓட்டுகிறேன். சில நாள் கால் பரபரக்கும். அப்போது ஃப்ரிட்ஜில் அவள் ஒட்டிவைத்த அந்த நாயைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன்.