ரோந்துப் படகும் என் குடையும்

போன செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலாக மூதூருக்குப் போகத் திருகோணமலையில் லோஞ்ச் ஏறினேன். காலை எட்டு மணி. குடாவில் காற்றே இல்லை. வெயில் இன்னும் சூடேறாத நேரம்... தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும், என் புத்தி எங்கேயோ போய்விடும். இது என் பழைய வியாதி. வாராவாரம் வாசிக்கிற உங்களுக்கு இது புதினமில்லை.

பக்கத்தில் ஓர் ஆசிரியை. மடியில் திருத்தி முடித்த கொப்பிக் கட்டு. அவர்தான் என்னைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தார்.

"அங்க பாருங்கோ, அந்த நேவிப் படகுக்கு என்ன பிடிச்சது? லோஞ்ச் வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் ஒரே இடத்தில சுத்திக்கொண்டு நிக்குது."

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு ரோந்துப் படகு. மெதுவாக, மிக மெதுவாக, ஒரு வட்டம். அது முடிய இன்னொரு வட்டம். அலைகூட எழும்பவில்லை.

"திசைகாட்டி சரி பாக்கினம் டீச்சர்."

"ஏன், வடக்கு எங்க இருக்குதெண்டு அதுக்குத் தெரியாதோ?"

"தெரியும். ஆனா பொய் சொல்லும். எந்தப் பக்கம் திரும்பினா எவ்வளவு பொய் சொல்லுது எண்டு எழுதி வைக்கினம்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். விளங்கப்படுத்தினேன். திசைகாட்டி முள் வடக்கைத்தான் பார்க்க ஆசைப்படும். ஆனால் படகில் இருக்கும் இரும்பெல்லாம் – எஞ்சின், நங்கூரம், முன்னால் இருக்கும் துப்பாக்கி – அதைத் தன் பக்கம் இழுக்கும். கிழக்கே போனால் ஓர் அளவு இழுக்கும், தெற்கே போனால் வேறோர் அளவு. அதனால் படகை எட்டுத் திசைக்கும் திருப்பி, கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்து, எந்தத் திசைக்கு எத்தனை பாகை பிழை என்று ஓர் அட்டையில் எழுதி, சுக்கான் பிடிப்பவரின் கண்முன்னே கொழுவிவிடுவார்கள். முள் சொல்வதை அப்படியே நம்பாமல், அட்டையைப் பார்த்துக் கூட்டிக் கழித்துப் போவார்கள்.

"மனுசருக்கும் இப்பிடி ஒரு அட்டை எழுதிக் கொழுவினா நல்லது, என்ன டீச்சர்?"

"எங்கட அதிபருக்கு ஒரு அட்டை காணாது," என்றார். சிரிக்காமல்.

அதற்குள் மூதூர் வந்துவிட்டது. அவர் கொப்பிக் கட்டோடு இறங்கிப் போய்விட்டார். மிச்சக் கதையை அவருக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நேரம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா? தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைக் கப்பல் தளத்தில் நான் ஒரு சாதாரண கிளார்க். அந்தக் காலத்தில் கரையோரக் காவலுக்கென்று நமக்குத் தனிப் படை கிடையாது. கள்ளக் கடத்தல் பிடிப்பதும், காணாமல் போன மீனவரைத் தேடுவதும் கடற்படையின் சின்ன ரோந்துப் படகுகளின் வேலைதான். மரத்தால் கட்டிய படகுகள். இரண்டு டீசல் எஞ்சின். முன்னால் கன்வஸ் போர்த்திய ஒரு துப்பாக்கி, மேலே ஒரு பெரிய விளக்கு, உள்ளே ஒரு வயர்லஸ். ராடார் எல்லாம் பெரிய கப்பல்களுக்கு. இவற்றுக்கு ஒரு திசைகாட்டிதான். அதைக் கும்பிட்டுக்கொண்டு போய்வர வேண்டும்.

அந்தத் திசைகாட்டிகளுக்கு வைத்தியர் சிறிலண்ணை. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சேட்டு, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். சிவிலியன்தான். ஆனால் திசைகாட்டி விஷயத்தில் கப்டன்மாருக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் பாகையைச் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஜெட்டியில் ஒரு பனையோலைப் பெட்டி வைத்திருப்பார். படகில் ஏறுவதற்கு முன் எல்லாரும் தங்களிடம் இருக்கும் இரும்பை அதில் போட வேண்டும். திறப்புக் கோர்வை, பேனாக் கத்தி, சிகரெட் டின், மணிக்கூடு. லெஃப்டினன்ட் என்றாலும் விதிவிலக்கில்லை. கோவில் வாசலில் செருப்புக் கழற்றுவது போல எல்லாரும் பேசாமல் போட்டுவிட்டு ஏறுவோம்.

அந்தச் சனிக்கிழமை காலையும் போட்டேன். திறப்பும் கத்தியும். என் கையில் ஒரு புதுக் குடை இருந்தது. மாரி காலம், வானத்தை நம்ப ஏலாது. புதுக் குடையை ஜெட்டியில் விட்டுப்போக மனம் வரவில்லை. படகில் சுக்கான் அறைக்குப் பின்புறம், வெளிப்பக்கத்துப் பலகையில் ஒரு கொழுக்கி இருந்தது. அதில் கொழுவிவிட்டு வந்து என் இடத்தில் இருந்தேன்.

பிறகு படகு சுற்றத் தொடங்கியது. அதை எப்படிச் சொல்வேன்? உள்துறைமுகம் கண்ணாடி போலக் கிடந்தது. படகு அசையாமல் நிற்பது போலவும், ஊர்தான் எங்களைச் சுற்றி வருவது போலவும் இருக்கும். பச்சை மலை வரும், போகும். எண்ணெய்த் தாங்கிகள் வரும். தென்னை வரும். மறுகரையில் நின்ற வெள்ளைத் தூண் வரும்போது சிறிலண்ணை "இப்ப" என்று மெல்லச் சொல்வார். ஒரு எண் சொல்வார். எழுதுவேன். பிறகு மறுபடியும் மலை... எஞ்சின் சத்தம்கூட நித்திரைக்குள் கேட்பது போலத்தான் இருக்கும். உலகத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை இருந்ததில்லை. அதற்காக இரண்டு முறை பதவி உயர்வைத் தட்டிக்கழித்தவன் நான்.

பத்து மணிக்கு முடிந்தது. சிறிலண்ணை அட்டையைச் சுத்தமாக எழுதிக் கையெழுத்து வைத்துக் கொழுவினார். நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மத்தியானம் தளத்தின் கேற்றடியில் ஒரு மனிதர் வந்து நின்றார். மூதூர் இஸ்மாயில் காக்கா. நாற்பது வயதிருக்கும். அவருடைய இரண்டு மகன்மார் முதல் நாள் மோட்டார் வள்ளத்தில் போனவர்கள், திரும்பவில்லை. விடியக் கரைக்கு வந்த இன்னொரு வள்ளக்காரர்தான் செய்தி கொண்டுவந்தார் – எஞ்சின் நின்றுபோய் மிதக்கிறார்கள், தன் வள்ளத்தால் இழுக்க முடியவில்லை, நேர் கிழக்கே பதினைந்து இருபது மைல். வாடை நீரோட்டம் தெற்கே இழுக்கிற காலம். நேரம் போகப் போகத் தூரம்.

காலையில் சுற்றிய அதே படகுதான் தயாராக நின்றது. பன்னிரண்டரைக்குப் புறப்பட்டது. கிழக்கே.

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு நானும் வீட்டுக்கு வெளிக்கிட்டேன். லிங்கநகருக்கு நடை. பாதி வழியில் மழை பிடித்தது. குடையை விரித்தேன்.

கம்பிகள் ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று நிமிர்ந்தன.

அண்ணாந்து பார்த்தேன். எட்டுக் கம்பி. நடுவே ஒரு தண்டு. எல்லாம் உருக்கு.

எனக்குக் குடை என்றால் துணி. அதுவரை அப்படித்தான். மழையைத் தடுப்பது துணி, அதைத் தாங்குவது என்ன என்று யார் யோசிக்கிறார்கள்? சுக்கான் அறைப் பலகைக்கு அந்தப் பக்கம் குடை, இந்தப் பக்கம் திசைகாட்டி. நடுவே ஒன்றரை அடிகூட இல்லை. சிறிலண்ணை எழுதிய அட்டை என் குடையையும் சேர்த்து எழுதிய அட்டை. குடை என் கையில். அட்டை கடலில்.

ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. விரித்த குடையோடு ஓட முடியாது, மடக்கவும் தோன்றவில்லை. எனக்கு உண்மையில் பயமாக இருந்தது. வேலை போகும் என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் அந்த இரண்டு பேரும்தான்.

கேற்றடியில் இஸ்மாயில் காக்கா அப்படியே நனைந்துகொண்டு நின்றார்.

"என்ன தம்பி, வீட்ட போன நீங்க திரும்பி ஓடி வாறீங்க? என்ட புள்ளையள்ட செய்தி ஏதும் வந்திச்சா?"

"இல்லைக் காக்கா. ஒரு சின்ன வேலை விட்டுப்போச்சு."

அவ்வளவுதான் என் வாயில் வந்தது. அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

சிறிலண்ணை பட்டறையில் ஆயுதங்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார்.

"எங்க கொழுவினனீர்?"

"பின்பக்கக் கொழுக்கியில, வெளியால."

"ஏன் பெட்டிக்குள்ள வைக்கேல்லை?"

"குடை துணி எண்டு நினைச்சிட்டன் அண்ணை."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. கதிரையில் இருந்து நெற்றியை ஒரு தரம் தடவினார். பிறகு எழும்பி, அலுமாரியில் இருந்து வேறொரு திசைகாட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"குடையை மடக்கிப் பிடியும். அதே தூரம், அதே உயரம். நான் சொல்லச் சொல்லச் சுத்தி நடவும்."

வெளியே மழை. உள்ளே நான் ஒரு குடையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு மேசையைச் சுற்றி நடக்கிறேன். காலையில் படகு சுற்றிய அதே மெதுவான வேகத்தில். ஒவ்வொரு நிலையிலும் அவர் "நில்லும்" என்பார், குனிந்து முள்ளைப் பார்ப்பார். வடக்குக்கு ஒன்றுமில்லை. தெற்குக்கும் ஒன்றுமில்லை. வடகிழக்கில் ஐந்து பாகை. கிழக்கில் ஏழு.

கிழக்கில்தான் ஆகக் கூட.

"இருபது மைலுக்கு ரெண்டரை மைல் வடக்கால விலகியிருப்பாங்கள்," என்றார். "இந்த மழையில அரை மைலுக்கு அங்கால கண் தெரியாது."

அட்டைக்குத் திருத்தத்தை எழுதிக்கொண்டு வயர்லஸ் அறைக்குப் போனோம். ஒப்பறேற்றர் எண்களைத் தட்டி அனுப்பினார். பிறகு மறுபக்கத்தில் இருந்து ஒரு கேள்வி.

"காரணம் என்னெண்டு கேக்கினம்."

சிறிலண்ணை வாயைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு விளங்கியது – தன் பிழை என்று சொல்லப் போகிறார். அட்டையில் இருப்பது அவருடைய கையெழுத்து அல்லவா?

"குடை எண்டு அனுப்புங்கோ," என்றேன். "கிளார்க்கின்ர குடை."

ஒப்பறேற்றர் என் கையைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டத் தொடங்கினார். ஆங்கிலத்தில் குடை என்பது இவ்வளவு நீளமான சொல் என்று அன்றுதான் அறிந்தேன்.

நாலு மணிக்குச் செய்தி வந்தது. தெற்கே திருப்பி, தேடி, கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. சிறிலண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். நான் அந்த அறையின் நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

பொழுதுபடும் நேரம் படகு ஜெட்டிக்கு வந்தது. மகன்மார் இருவரும் கம்பளி போர்த்திக்கொண்டு இறங்கினார்கள். இஸ்மாயில் காக்கா அவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு – இதுதான் நான் சொல்ல வந்தது – கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"நான் பாத்தனான் தம்பி. வீட்ட போன மனுசன் மழையில திரும்பி ஓடி வந்தீங்க. உங்கட வேலையே இல்ல அது. நீங்க உள்ள போன பிறகு கரையில இருந்து செய்தி வந்துதான் திசை மாத்தினாங்களாம், படகில சொன்னாங்களெண்டு மூத்தவன் சொல்றான். ஆண்டவன் உங்கள நல்லா வைப்பான்."

வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம். வயர்லஸில் கடற்படைக்கே சொன்னவன், ஒரு தகப்பனுக்குச் சொல்ல ஏன் முடியவில்லை? அவர் கண் கலங்கி நின்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எழுதிக் கொடுத்தேன். தளத்தில் என் பெயருக்கு இருந்த கோவையில் அது இன்றும் இருக்கும். சிறிலண்ணை அன்று தொடக்கம் பெட்டியடியில் நின்று "திறப்பு, கத்தி, குடை" என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். குடையோடு யாரும் வராத பங்குனி வெயிலிலும் சொல்வார். என்னைப் பார்க்காமல் சொல்வார், அது அவருடைய பெருந்தன்மை.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு மூதூர் லோஞ்சில் ஒரு சட்டி வட்டிலப்பம் வந்தது. துணியால் வாய் கட்டி, என் பெயர் சொல்லி. முதல் வருடமே உண்மையைச் சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். இரண்டாம் வருடம் கொஞ்சம் கஷ்டம். பத்தாம் வருடம் யார் சொல்வார்கள்? அவருடைய வீட்டுக் கலியாணங்களுக்கு என்னை முன் வரிசையில் இருத்தினார்கள். பேரப்பிள்ளைகளுக்கு என்னைக் காட்டி, "இவர்தான் உங்கட வாப்பாவைக் காப்பாத்தினவர்" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். எல்லா வருடமும் அந்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டேன். ருசி குறையவில்லை, அதுதான் இன்னும் வெட்கம்.

காக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. மூத்த மகன்தான் பத்திரிகையை எடுத்து, இந்தப் பத்தியை வாராவாரம் வரி விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டுகிறானாம். போன செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவனே பெருமையாகச் சொன்னான்.

காக்கா, இதுவரை வந்த வட்டிலப்பமெல்லாம் நீங்கள் நினைத்த வேறொருவனுக்கு வந்தது... இனி ஒன்று வந்தால், அதுதான் எனக்கு.