அத்தை கேட்ட சில்வர் பில்லிங்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரே நாளில், ஒரே நாற்காலியில் அத்தையும் நானும் பல் அடைத்துக்கொண்டோம். அத்தை என் அப்பாவின் தங்கை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். மலைக்குள் தள்ளியிருக்கும் கவுஞ்சி கிராமத்தில் காரட்டும் பூண்டும் பயிரிடும் ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு, கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையும் வாசித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, சிரித்தால் தெரிகிற இடத்தில் அவருக்குச் சொத்தை வந்திருந்தது.

முதலில் என் முறை. பல் டாக்டரம்மா சிமெண்ட் போல ஒன்றைக் குழைத்துக் கடைவாய்ப் பல்லில் அப்பினார்.

"பால் பல்லுதான், எப்படியும் விழுந்துரும். இது ரெண்டு வருசம் தாங்கினாப் போதும்" என்றார் அம்மாவிடம்.

எனக்கு மட்டும் மட்டமான சரக்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அத்தை நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மா கேட்காமலே சொன்னார்: "கல்யாணப் பொண்ணு. பல்லு நிறத்துலயே வெள்ளையா வச்சிரலாம்."

"அது எத்தனை வருசம் நிக்கும் டாக்டர்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா ஏழெட்டு வருசம் வரும். ஓரத்துல விட்டுச்சுன்னா வந்து மாத்திக்கணும். சில்வர்னா அதைவிட ரொம்ப நாள் கெடக்கும். ஆனா கறுத்துரும்."

"அப்ப சில்வரே வைங்க."

அம்மா பதறிவிட்டார். "ஏ புள்ள, கூறு இருக்கா உனக்கு? போட்டாவுல சொத்தைப் பல்லு மாதிரித் தெரியும்."

"வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன் மதினி. இங்கன்னா நெனச்சா வந்துரலாம். அங்கயிருந்து பஸ் ஏறணும்னா நாலு பேருகிட்ட கேக்கணும். பல்லுக்காக எத்தனை தடவை கேக்குறது?"

டாக்டரம்மா வெள்ளியைக் கலக்க ஆரம்பித்தார்.

அத்தையின் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. மறுநாள் பள்ளி விட்டதும் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கிருந்த டைம் கீப்பரைத் தொந்தரவு செய்து, கவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் வரும் பஸ்களின் நேரத்தையெல்லாம் கேட்டு நோட்டில் எழுதினேன். காலையில் கிளம்பும் முதல் பஸ்ஸுக்குக் கீழே சிவப்பில் கோடும் போட்டேன்.

கல்யாணத்தன்று அத்தை சொன்னபடியே எல்லாப் படத்திலும் உதட்டை மூடிக்கொண்டுதான் நின்றார். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு ஜீப் புறப்படும்போது, நோட்டிலிருந்து கிழித்த தாளைச் சன்னல் வழியாக அவர் கையில் திணித்தேன்.

"இனிமே நீங்க யாருகிட்டயும் கேக்க வேணாம் அத்தை. எல்லா பஸ்ஸும் இதுல இருக்கு."

அத்தை படித்துப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். வெள்ளி அடைத்த பல் நன்றாகவே தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்து, தாளை நாலாக மடித்து, புது மாமா பார்க்கும்முன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜீப் வளைவில் மறைந்த பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏதோ ஒரு பஸ்ஸின் நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே பயம்.