ஊருக்குப் போகிறேன், ஏதாவது வேண்டுமா?

வலைப்பூ எழுதுகிறேன் என்று சொன்னால் இப்போதெல்லாம் ஜனங்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். எல்லோரும் வீடியோவுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. நான் மட்டும் பிடிவாதமாக, ஆபீஸ் விட்டு வந்து ஜனக்புரியில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, டில்லியைப் பற்றித் தமிழில் தட்டிக்கொண்டிருந்தேன். மெட்ரோ பெண்கள் பெட்டியில் நடக்கும் சண்டை, பனி நாளில் துவைத்த ஜீன்ஸ் காயாமல் அழவைப்பது, சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸை வரிசையாக இடித்துக்கொண்டு வருவது, இப்படி ஏதாவது.

பின்னூட்டம் என்று வருவது பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனிக்காரர்களுடையது. மனிதர்கள் எழுதினால் 'அருமை' என்று ஒரு வார்த்தை. எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். என்ன அருமை, எது அருமை, எதுவரை படித்துவிட்டு நிறுத்தினாய் என்று கேட்கத் தோன்றும். வாசகரோடு உறவு வளர்ப்பது எப்படி என்று இணையத்தில் நிறையப் பேர் யோசனை சொல்கிறார்கள். பதிவின் முடிவில் ஒரு கேள்வி கேளுங்கள் என்பது அவர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை. கேட்டேன். 'உங்கள் வீட்டில் பனிக்காலத்தில் தோசை மாவு எப்படிப் புளிக்க வைக்கிறீர்கள்?' என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டேன். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. கேள்வியும் நீயே கேட்டு பதிலும் நீயே சொல்லிக்கொள் என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

ஆனால் யாரோ படிக்கிறார்கள் என்று தெரியும். எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. டில்லி, நொய்டா, குருகிராம் எல்லாம் புரிந்தது. திருச்சிதான் புரியவில்லை. நான் எதை எழுதினாலும் அன்றே திருச்சியிலிருந்து யாரோ ஒருவர் வந்து படித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவார். சரோஜினி நகர் பதிவைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்திருந்தார். காவேரிக் கரையில் இருக்கிற ஆளுக்கு இந்தப் புகையும் பனியும் எதற்கு? எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அடுத்தவர் வீட்டுச் சமையல் வாசனை வந்தால் என்ன குழம்பு என்று தெரியும்வரை நிம்மதி இருக்காது. அந்தத் திருச்சி ஆள் என்னை அப்படிப் படுத்தினார்.

டில்லித் தமிழர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்லாமல் போகக்கூடாது. 'ஊருக்குப் போறேன், ஏதாவது வேணுமா?' என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும். கேட்காமல் போய்வந்தால் அடுத்த ஆறு மாசத்துக்கு முகம் கோணும். இன்றைக்கு எல்லாமே ஆப்பில் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிறது, கறிவேப்பிலை உட்பட. ஆனாலும் கேட்பது நிற்கவில்லை, வேண்டும் என்பதும் நிற்கவில்லை.

என் கொழுந்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்சி போக டிக்கெட் எடுத்திருந்தோம். அந்த வாரப் பதிவை முடிக்கும்போது கை தானாக அடித்துவிட்டது: 'அடுத்த வாரம் திருச்சி போகிறேன். யாருக்காவது ஏதாவது வேண்டுமா?' பக்கத்து வீட்டில் கேட்கிற கேள்வியை ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் கேட்டுவிட்டேன் என்பது காலையில் பார்த்தபோதுதான் உறைத்தது. வருஷக்கணக்காக வாயே திறக்காதவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

மணப்பாறை முறுக்கு, வசம்பு, நாமக்கட்டி, பஞ்சாங்கம். துவாரகாவில் இருக்கும் ஒரு அம்மாள் கல்சட்டி கேட்டிருந்தார். கல்சட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவதா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது கோல் மார்க்கெட்டிலிருந்து ஒருவர் அவருக்குப் பதில் எழுதினார். பாவம், அவரைச் சுமக்க வைக்காதீர்கள், எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அதற்குக் கீழே இரண்டு பேர் கல்சட்டியைப் பழக்குவது எப்படி என்று சண்டை போட்டார்கள். நான் நடுவில் இல்லவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பின்னூட்டம் தனியாக நின்றது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். 'திருச்சியிலிருந்து கண்ணாடி வளையல் கொண்டு வர முடியுமா? பச்சையும் சிவப்பும்.' அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தும் சில இலக்கங்களும் இருந்தன, ஏதோ கதவு எண் மாதிரி.

டில்லியில் உட்கார்ந்துகொண்டு திருச்சியிலிருந்து கண்ணாடி வளையல். திருச்சிக் கடைக்கே வளையல் இங்கே பக்கத்திலிருக்கும் பிரோசாபாத்திலிருந்துதான் போகிறது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் மலை மலையாகக் குவித்திருப்பான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக இருக்கிறதே என்று ஒருவர் எழுதிவிட்டார். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் எனக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். அந்தப் பின்னூட்டத்தை அழித்துவிடாதீர்கள் என்று கெஞ்சலோடு ஆரம்பித்தது. எழுதியது ஒரு இளம்பெண். பிறந்து வளர்ந்தது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில். தமிழ் பேச வரும், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். அப்பா மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அம்மாவும் அவரும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அங்கே கால் தரிக்கவில்லை. முப்பது வருஷம் வாழ்ந்த டில்லியையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இந்தப் பெண்தான் அவள் போனில் என் வலைப்பூவைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் இவள் கூட வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா கதவைச் சாத்திவிட்டார். அம்மா அவரை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. கூப்பிட்டு எடுக்காமல் போய்விட்டால் தாங்காது என்று இவளும் கூப்பிடவில்லை.

இப்போது அவளுக்கு ஏழாம் மாசம் பிறந்திருந்தது. மாமியார் நல்லவர், தங்கள் முறைப்படி கோத் பராயி என்கிற சீமந்தத்தைத் தடபுடலாகச் செய்யப்போகிறார். ஆனால் வளைகாப்பு வளையல் அம்மா வீட்டிலிருந்துதான் வரவேண்டும். நேரில் கேட்க வழியில்லை. அம்மா கட்டாயம் பார்க்கிற இடம் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், என் பின்னூட்டப் பகுதி. பெயருக்குப் பதில் பழைய குவார்ட்டர்ஸ் எண்ணைப் போட்டதும் அதற்காகத்தான். பச்சையும் சிவப்பும் என்று படித்தால் அம்மாவுக்கு மிச்சம் புரிந்துவிடும் என்று எழுதியிருந்தாள்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். எனக்காக எழுதுகிறார்கள் என்று பூரித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருத்தி தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாள். கோபம் வரவில்லை. திருச்சியில் ஒருவர் தவறாமல் படிக்கிறார், ஆனால் யார் என்று எனக்குத் தெரியாது என்று பதில் போட்டேன். 'இது போதும் ஆன்ட்டி' என்று உடனே பதில் வந்தது.

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மணிக்கொருதரம் அந்தப் பக்கத்தைத் திறந்து திருச்சி வந்ததா என்று பார்த்தேன். வந்தது. வந்து ரொம்ப நேரம் இருந்தது, போனது, மறுபடி வந்தது. ஒன்றும் எழுதவில்லை. ஊரில் யாரோ ஒரு தாவரவியல் பேராசிரியராகக்கூட இருக்கலாம், நீயாகக் கதை கட்டாதே என்றார் வீட்டுக்காரர். கிளம்புவதற்கு முந்தின நாள் பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்தது. 'வளையல் நான் தருகிறேன். திரும்பும் நாளும் வண்டியும் பெட்டியும் சொல்லவும்.' அவ்வளவுதான். நான் பதிலை அங்கேயே போட்டேன். பெட்டி எண்ணை ஊர் முழுக்கத் தண்டோரா போடுகிறாயே, திருடன் படிக்கமாட்டானா என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். திருடனாவது படிக்கட்டும் என்றேன்.

கல்யாணத்தில் நான் சாப்பிட்டது என்ன என்றே நினைவில்லை. திருச்சி ஜங்ஷனில் டில்லி போகும் நிஜாமுதீன் வண்டிக்கு நேரமிருந்தது. வருகிற போகிற அம்மாக்களையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். அறுபது வயதிருக்கும், இரண்டு பக்கமும் மூக்குத்தி, வெயிலிலும் தோளில் ஒரு மெல்லிய சால்வை. டில்லிக்காரர்களை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். என் படத்தைப் பதிவில் பார்த்திருப்பதாகச் சொன்னார். சரோஜினி நகரில் எங்கள் பிளாக்கையும் இடித்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதித்தான் தெரிந்தது என்றார். ஜனக்புரிக்கு இப்போது மெட்ரோ இரண்டு லைனாமே என்று விசாரித்தார். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும் சொன்னார். பழைய பருத்திப் புடவையில் சுற்றிய ஒரு எவர்சில்வர் டப்பாவை என் கையில் கொடுத்தார். மகள் என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கோ நாக்கு அரித்தது.

வண்டி வருகிறது என்று அறிவித்தபோதுதான் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தன மாசமாம்?"

"ஏழு பொறந்திருக்காம் அக்கா."

அவர் தலையாட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தார். "நானும் அப்படித்தான் கணக்கு வச்சேன்" என்றார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னலில் பார்ப்பதற்குள் போய்விட்டிருந்தார்.

டில்லி வரை அந்த டப்பாவை நான் மடியிலிருந்து இறக்கவில்லை. முறுக்கெல்லாம் சீட்டுக்கடியில் நொறுங்கியது, நொறுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டெதிர் பார்க்கில் வந்து அவரவர் சாமானை வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன். நல்ல வெயில். ஒவ்வொருவராக வந்து, பின்னூட்டத்தில் இன்னார் நான்தான் என்று சொல்லச் சொல்ல எனக்கு வேடிக்கை தாங்கவில்லை. கல்சட்டிச் சண்டையில் ஆவேசமாக எழுதியவர் குரலே எழும்பாத ஒரு டீச்சர். 'அருமை' மட்டும் எழுதுகிறவர் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. அந்தப் பெண் எல்லோருக்கும் கடைசியாக வந்தாள், வயிறு முன்னால் தள்ள, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வளையல் கேட்டது யார் என்று இப்போது எல்லோருக்கும் புரிந்துபோனது. ஊசிக் கதை எழுதியவர் தலையைக் குனிந்துகொண்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய்விட்டார்.

"யாரு குடுத்தாங்க ஆன்ட்டி?"

இரட்டை மூக்குத்தியைச் சொன்னேன். சால்வையைச் சொன்னேன். கணக்கு வச்சேன் என்று சொன்னதையும் சொன்னேன். அவள் டப்பாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திறந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள். எடுத்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"இது என் சைஸ் இல்ல. நான் ரெண்டு நாலு. அம்மாவுக்கு நல்லாத் தெரியும். இது ரெண்டு ஆறு, பெரிசு."

அம்மா அளவை மறந்துவிட்டாளா, அல்லது யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதுபோல் கடையில் கை பட்டதை எடுத்துவிட்டாளா? வேறு யாராவதுதான் வந்து கொடுத்தார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். அந்தப் பையன் ஹிந்தியில் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

டீச்சர்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துப் பார்த்தார். விரல்கள் உருண்டிருந்தன. கல்யாண மோதிரம் எங்கே என்று கேட்டார். போன மாசத்திலிருந்து ஏறவில்லை, கழுத்துச் சங்கிலியில் கோத்திருக்கிறேன் என்றாள். டீச்சர் அந்தப் பச்சை வளையலை அவள் கையில் வைத்து மெல்ல அழுத்தினார். கட்டைவிரல் முட்டியில் ஒரு கணம் நின்று, வழுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. இறுக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை.

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, பேர் தேடாமல், எண்களையே ஒவ்வொன்றாக அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது யாரோ எடுத்தார்கள்.

"அம்மா," என்றாள், "அளவு சரியா இருக்கு."