மாரம்மா மாற்றி வைத்த மாத்திரைகள்

மாரம்மாவின் இட்லியில் குறை சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. ஓசூர் சிப்காட்டில், உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் வாசலில் பதினோரு வருடமாகத் தள்ளுவண்டி போட்டிருக்கிறாள். அந்தக் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி ஒருவர், இட்லி வரவரச் சிறுத்துப் போகிறதே என்று ஒரு நாள் முணுமுணுத்தார். மறுநாள் அவள் டூல் ரூம் ஆளிடம் வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கி, அவர் தட்டில் வைக்கும் ஒவ்வொரு இட்லியையும் அளந்து, அளவை உரக்கச் சொல்லிப் பரிமாறினாள். நாலாவது இட்லியை மட்டும் "ரிஜெக்ட்" என்று திரும்ப எடுத்துக்கொண்டாள். அதிகாரி டீ குடிக்காமலே உள்ளே போய்விட்டார்.

அஞ்செட்டிப் பக்கம் பிறந்தவள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வம்பிழுப்பாள். புருஷன் கரியப்பன் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன், அவளுக்குச் சற்றும் குறைந்தவனில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிணம் மாதிரிக் கிடப்பான்; அவள் பதறிக் குனிந்ததும் காதருகே கத்துவான். அதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

போன வருடம் பிரகாஷ் என்று ஒருவன் புதன்கிழமைதோறும் பைக்கில் வர ஆரம்பித்தான். நன்றாகச் சிரித்துப் பேசுவான். ஷிப்ட் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வலி மாத்திரை விற்றான். அட்டையும் இல்லை, பேரும் இல்லை. சின்ன பிளாஸ்டிக் கவரில் பத்து வெள்ளை மாத்திரை. கேட்டால் பெங்களூர் சரக்கு என்பான்.

பிரஸ் மெஷினில் நிற்கும் தங்கதுரை ஒரு கவர் வாங்கினான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், மாரம்மாவின் கடையில்தான் சாப்பாடு. பாதி மாத்திரைக்கே நின்றபடி தூங்கிவிட்டேன், வலி இருந்த இடமே தெரியவில்லை என்று பெருமையடித்தான். ஞாயிற்றுக்கிழமை பிராந்தியோடு இரண்டாகப் போட்டுப் பார்க்கப்போகிறானாம்.

பிரஸ் மெஷின் முன்னால் தூங்கினால் விரல் என்ன ஆகும் என்பது மாரம்மாவுக்குத் தெரியும். புத்தி சொன்னால் கேட்கிற வயதில்லை என்பதும் தெரியும். அவன் பையை வண்டியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது, கவரில் இருந்த ஒன்பது முழு மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்து அவள் பையில் கிடந்த கால்சியம் டப்பாவில் மிச்சமிருந்த ஒன்பதை அதில் போட்டாள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன.

அந்த வாரம் முழுக்கத் தங்கதுரை, "வலியே இல்ல, இடுப்பு இரும்பு மாதிரி ஆயிருச்சுக்கா" என்றான். மாரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சட்னி ஊற்றினாள். சிரித்துத் தீர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று, எடுத்த ஒன்பதையும் காலியான கால்சியம் டப்பாவிலேயே போட்டு வீட்டு அலமாரியில் வைத்திருந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

எலும்புக்குப் பலம் என்று நினைத்து, கரியப்பனும் அந்த டப்பாவிலிருந்து மாதக்கணக்காகத் திருடித் தின்றுகொண்டிருந்தான். அவளுக்கு அது தெரியாது.

ஞாயிறு மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு அவன் இரண்டை விழுங்கினான். மாரம்மா மாவரைத்துக்கொண்டு திரும்பியபோது சேரில் தலை தொங்கக் கிடந்தான். வழக்கமான நாடகம் என்று நினைத்தாள். மீசையைப் பிடித்து இழுத்தாள். தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அவன் அசையவில்லை. தொண்டையில் களகளவென்று ஒரு குறட்டை வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. வெகுநேரம் கழித்து இன்னொன்று. உதடு நாவற்பழம் தின்றது போலிருந்தது. இமையைத் தூக்கினாள், கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

அலமாரியில் டப்பா திறந்து கிடந்தது. உடனே போனை எடுத்து 108-ஐ அழைத்தாள்.

108-இல் பேசிய பெண் சொன்னபடி அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து முகத்தில் மாஸ்க்கை வைத்து அதன் காற்றுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரவீனா, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மாரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. தங்கதுரை, கால்சியம், தன் சிரிப்பு எல்லாவற்றையும் சொல்லி, டப்பாவையும் நீட்டினாள். டாக்டர் விஷமுறிவு ஊசி போட்ட சில நிமிடங்களில் கரியப்பன் கண்ணைத் திறந்து, தன் மேல் தண்ணீர் ஊற்றியது யார் என்று சண்டைக்கு வந்தான். மாரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள்.

"இப்ப விட மாட்டேன். ஊசி வேகம் சீக்கிரம் அடங்கிடும். மாத்திரை வேகம் அடங்காது" என்றார் டாக்டர்.

அப்படியே ஆயிற்று. ஒரு மணி நேரத்தில் அவன் மறுபடி மூழ்கினான். மறுபடி ஊசி, அப்புறம் டிரிப். அது என்ன மாத்திரை என்று மாரம்மா கேட்டாள்.

"எனக்கும் தெரியலம்மா. ஏதோ அபின் ஜாதி, ரசாயனத்துல செஞ்சது. ஒன்னுல கொஞ்சம் இருக்கும், பக்கத்துல இருக்கறதுலயே ஆளைக் கொல்ற அளவு இருக்கும். செஞ்சவனுக்கே தெரியாது."

மிச்ச ஏழையும் போலீஸ் வாங்கிச் சோதனைக்கு அனுப்பியது. முடிவு இன்னும் வரவில்லை.

கரியப்பன் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். தங்கதுரைக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை பிராந்தியோடு இரண்டு போட்டிருந்தான், இரண்டும் கால்சியம். "நான் செத்திருப்பேன், இல்லக்கா?" என்றான். மாரம்மா இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். வேடிக்கைக்குச் செய்தது ஒருவனைக் காப்பாற்றி இன்னொருவனைக் கொல்லப் பார்த்தது அவளை வெகுநாள் தூங்கவிடவில்லை.

அடுத்த புதன்கிழமை, ஒன்றும் அறியாத பிரகாஷ் வந்து வண்டிப் பலகையில் பைக் சாவியை வைத்துவிட்டுத் தோசை கேட்டான். மாரம்மா அவனுக்கு நெய் ஊற்றி முறுகலாகச் சுட்டுக் கொடுத்தாள். தங்கதுரை போனோடு கம்பெனிச் சுவருக்குப் பின்னால் போனான். பிரகாஷ் கை கழுவி வந்து பார்த்தால் சாவியைக் காணோம். பலகையில் தேடினான், வண்டிக்கு அடியில் தவழ்ந்து தேடினான். மாரம்மாவும் கூடக் குனிந்து, ரொம்ப அக்கறையாகக் கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். போலீஸ் ஜீப் வந்து நின்றபோது அவன் சாக்கடை ஓரம் மண்டியிட்டிருந்தான்.

அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சட்னி மட்டும்தான். சாம்பார் வாளிக்குள் ஏன் கரண்டி போடவில்லை என்று கேட்டவர்களிடம், உள்ளே ஒரு பைக் சாவி ஊறுகிறது, அது போலீஸ் கேஸில் இருக்கிறது என்றாள் மாரம்மா.